நீ தொட்டுத் தேர்ந்த கிளாரினெட்

இன்று காலை கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் புது ரீட் ஒன்றை நாக்கில் வைத்து நனைத்தேன். ஈர நாணலின் வாசனை எழுந்தது. தெப்பக்குளத்துப் பக்கத்து வாத்தியக் கடையில் நீ என்னோடு நின்ற அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கண்முன் வந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே பேண்டில் கிளாரினெட் வாசித்தோம். தென்னூரில் கல்யாண ஊர்வலமானாலும், உங்கள் மாதா கோயில் தேர்ப்பவனியானாலும் நீ மேல் ஸ்தாயியில் போவாய், நான் கீழ் ஸ்தாயியில் துணைக்கு வருவேன். பிறகு உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவைத்துக் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. உனக்கு அப்போது இருபத்தேழு வயது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரமே என் கிளாரினெட்டை பேண்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். நீ இல்லாமல் வாசிக்க முடியவில்லை. உன்னிடம் மட்டும், மரம் விரிசல் விட்டுவிட்டது என்று எழுதிக் காட்டினேன். நீ படித்துவிட்டுத் தலையாட்டினாய். அதைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். உன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று உனக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"எனக்குக் காது போச்சு. உனக்கு என்னடா போச்சு?"

பனியனோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"சட்டையைப் போடு. கடைக்குப் போறோம்."

கடைக்காரர் ஒரே மாதிரியான மூன்று கிளாரினெட்டுகளை எடுத்து வைத்தார். ஊதினேன். முதலில் வெறும் காற்று, பிறகு ஒரு கீச்சல். உதடு எல்லாவற்றையும் மறந்திருந்தது. ஒருவாறு சுருதி பிடித்தபோதும் எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. நீ முன்னால் வந்து இரண்டு விரல்களை மரத்தின்மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாய்.

"இது கீழ வரும்போது செத்துப்போவுது."

அடுத்தது. "இதுல எங்கயோ காத்து ஒழுகுது."

மூன்றாவதில் நீ விரல்களை அழுத்தி வைத்தாய். நான் ஊதி நிறுத்திய பிறகும் விரல்களை எடுக்கவில்லை. "இதுதான்" என்றாய்.

கடைக்காரர் சிரித்தார். "மாத்தி மாத்திக் குடுக்கிறேன், திரும்பச் சொல்லட்டும் சார்." மாற்றும்போது நீ பார்க்காதபடி உன்னைத் திரும்பி நிற்கச் செய்து, நான்கு முறை வரிசையை மாற்றி என்னை ஊதச் சொன்னார். நான்கு முறையும் அதே கிளாரினெட்டில்தான் உன் விரல்கள் நின்றன. காற்று ஒழுகுகிறது என்று நீ சொன்ன கிளாரினெட்டை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையை மூடும் ஒரு சாவியின் அடியிலிருந்த தோல்மெத்தை சரியாகப் படியவில்லை. அவர் சிரிப்பு நின்றுபோனது.

"இருபது வருஷமா விக்கிறேன். எனக்கே தெரியலையேங்க" என்றவர் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார்.  காது போனவுடன் உன்னிடமிருந்து சங்கீதமும் போய்விட்டதென்று முடிவுகட்டியவன் நான். அத்தனை வருஷமும் அது உன் விரல்நுனியில் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவே இல்லை.

சாயங்காலம் காவிரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். என் முதுகில் உள்ளங்கையை வைத்து, "ஊது" என்றாய். இருப்பதிலேயே தாழ்ந்த ஸ்வரத்தை எடுத்து, மூச்சு தீரும் வரை நிறுத்தினேன்.

"கேக்குது" என்றாய். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக, மெதுவான குரலில்.

நீ இந்த உலகத்தை விட்டே போய்விட்டாய். நான் இன்னும் அந்த அடி ஸ்வரத்தில்தான் வாசிப்பைத் தொடங்குகிறேன். உன்னை எட்டும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஸ்வரம் அதுதான்.