முதல் கயிறு

பேஸ் கேம்ப்,
கங்கோத்ரிக்கு மேலே எங்கேயோ.
20-4-1992

தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ், திருவாளர் லாசரஸ் அவர்களின் மேலான கவனத்துக்கு:

இன்று காலை ஆறு நாற்பதுக்கு என் இடது கால் சாக்ஸ் காணாமல் போனதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். ஏழு மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே, சுட்ட அப்பளம் மாதிரி விறைத்த நிலையில் மீட்கப்பட்டது. அடக்கம் செய்ய மனம் வராததால் மறுபடி காலிலேயே போட்டுக்கொண்டேன்.

மச்சான், சுகமா? பிளஸ் டூ ரிசல்ட் பயத்தில் இளைத்துப்போகாதே. எங்களை இங்கே மூன்று கயிறாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் கயிறு பழகினவர்கள், சிகரம் வரை. இரண்டாவது அரைகுறைகள், பாதி வழி. மூன்றாவது புதுசுகள், பேஸ் கேம்ப்பைச் சுற்றி நடை பழகிவிட்டு வீட்டுக்கு. நான் எதில் என்று கேட்கிறாயா? ஃபாரத்தில் 'இதுவரை ஏறிய உயரம்' என்ற இடத்தில், நம்ம பச்சைமலை முந்நூறு அடி, அதை ஐம்பது தடவை ஏறியதைக் கூட்டிப் பதினைந்தாயிரம் அடி என்று போட்டேனே! நேராக முதல் கயிறு. எங்கள் கைடு நேகி சார் என்னைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறார் (கூடாரம் அவ்வளவு சின்னது என்பது வேறு விஷயம்).

பெயரிலேயே அசலத்தை வைத்திருப்பவனுக்கு இந்த மலையெல்லாம் பங்காளி முறைதான். நீயும் வந்திருக்கலாம். உன் அப்பாதான் விடவில்லை.

சிகரத்துக்குச் சற்றுக் கீழிருந்து,
வேதாசலம்


தாம்பரம்,
1-5-1992

அன்புள்ள வேதா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். சாக்ஸுக்குச் சிரித்தாள். மற்றதுக்கெல்லாம் "அவன் ஒழுங்கா சாப்பிடறானா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ போனதிலிருந்து சாயங்காலம் பிளாட்பார பெஞ்சில் தனியாகத்தான் உட்காருகிறேன். பீச் வண்டி போகிறது, வருகிறது. கிண்டல் பண்ண ஆள் இல்லை.

ஒரு செய்தி. உன் கடிதத்தைப் பார்த்து அப்பா மனசு மாறிவிட்டார். டெல்லி வரை ரயில்வே பாஸ் வாங்கித் தருகிறாராம். ஜூன் ஒன்றாம் தேதி இன்னொரு கூட்டம் உங்கள் முதல் கயிற்றோடு சேருகிறதாம். பழகினவர்களுக்கு மட்டும். புதியவர்களுக்கு இனிமேல் செப்டம்பரில்தான். அதனால் நானும் பச்சைமலைக் கணக்கையே போட்டு ஃபாரத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் தபாலில் போட வேண்டும்.

நீ வா என்றால் வருகிறேன். ஒன்று மட்டும் விளையாடாமல் சொல். என்னால் முடியுமா?

உன்
லாசரஸ்


பேஸ் கேம்ப்,
11-5-1992

அன்புள்ள லாசரஸ்,

உன் கடிதம் நேற்று போர்ட்டர் கையில் வந்தது. நாலு தடவை படித்துவிட்டேன்.

வராதே. அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போடு. வேறு ஒன்று வாங்கி, புதியவன் என்று எழுதி, செப்டம்பருக்கு அனுப்பு.

நான் முதல் கயிற்றில் இல்லைடா. போன கடிதம் எழுதும்போதே இல்லை. வந்த மூன்றாம் நாளே, பனிச்சரிவில் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். ஒரே கயிற்றில் நாலு பேரைக் கட்டியிருப்பார்கள். நான் நின்றதும் கயிறு வெடுக்கென்று இழுத்து, முன்னால் போன நாக்பூர்க்காரர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒரு வருஷமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"பதினைந்தாயிரம் அடி எங்கே ஏறினாய்?" என்று நேகி சார் கேட்டார்.

"தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துல சார். ஐம்பது தடவையா."

அவர் சிரிக்கவில்லை. நான் சொல்லி ஒருத்தர் சிரிக்காதது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் கயிற்றுக்கு மாற்றினார்கள். அவர்களும் நடை பழகி முடித்துப் போன வாரம் கிளம்பிவிட்டார்கள். என் டிக்கெட் முதல் கயிற்றோடு, ஜூன் இருபதுக்கு. அதுவரை சமையல்காரருக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன். அவருக்குத் தெரிந்தது அவர் பாஷை, எனக்குத் தெரிந்தது நம்ம பாஷை. மத்தியானத்தில் உருளைக்கிழங்குகளிடம் தமிழில் பேசிப் பார்த்தேன். எல்லாம் உன்னை மாதிரி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

நீ செப்டம்பரில் வரும்போது நான் இருக்க மாட்டேன். தெரியும். நேற்று இரண்டு வரியில், "வா, சுலபம்தான்" என்றும் ஒரு கடிதம் எழுதினேன். காலையில் அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்.

வேதாசலம்

பி.கு.: மூச்சு முட்டி நின்றேன் என்று மேலே எழுதியிருப்பதும் பொய். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. கீழே பார்த்தேன், பயந்துவிட்டேன். நேகி சார் வந்து இடுப்பைப் பிடித்து இறக்கிவிடும் வரை "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டு நின்றேன். இதை மட்டும் உன் அம்மாவுக்குப் படித்துக்காட்டாதே.