இறங்கி வந்த பெல்ட்

வக்கீலம்மா,

லீவு என்று பேர்தான், ஆலைக்குக் கிளம்பிவிட்டேன். விடிந்ததும் விடியாததுமாக ஃபோர்மேன் ஃபோன் பண்ணினார்: "மோட்டார் முனகுது, பெல்ட் மூட்டையோட கீழ இறங்குது." சரிவில் மூட்டை ஏற்றும் அந்த பெல்ட்டுக்கு நேற்று பேரிங் மாற்றியது நான்தான். ஒரே பக்கம் மட்டும் சுற்றுகிற பேரிங் அது. பெல்ட் மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது. எந்தப் பக்கம் என்று அதிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறது. பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். பின்கதவுச் சாவி என் பையோடு போகிறது, அவரை முன்பக்கமாகவே கூப்பிடு.

நேற்று கை பேரிங்கில் இருந்தது, காதில் நீ சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது: "நீங்க எதுக்குமே இறங்கி வர மாட்டீங்க." பெண்ணை வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன் என்று மூன்று நாளாக முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இனிமேல் முறுக்க எனக்குத் தெம்பில்லை. ஹாஸ்டல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு முட்டைத் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவள் எழுந்ததும் கொடு.

பி.கு.: செருப்பு மாட்டிய பிறகுதான் பார்த்தேன். 'தாய்' என்று போட்டிருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேரிங் என்றால் கழற்றி மாட்டலாம், இதை என்ன செய்வது? 'தந்தை' இடத்தில் நீ போட்டுவிடு. வீட்டில் எப்படியும் அப்படித்தானே நடக்கிறது.