எல்லாருக்கும் ஒரே ஹேண்டில்

என்னவருக்கு,

வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? வேலைக்கு வந்த ஊரில் நான் நலம்.

போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான எங்கள் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பதிவு, அதற்கென்று தனி ஃபைல். ஆனால் அதை எழுதிய எங்கள் சீனியர் மகாராசன் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஃபைல் ஹேண்டிலை, ஃபைலைப் பிடித்து எழுதுகிற கைப்பிடியை, வைத்திருக்கிறார். அடுத்தவருடைய ஃபைலைத் திறந்ததும் முதல் ஃபைல் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட் ஒரு கிழவரின் ஃபைலில் போய் உட்கார்ந்துவிட்டது.

"பத்து வருஷமா நல்லாத்தானே ஓடுது, நீ ஏன் நோண்டுற?" என்று என்மேல் பாய்ந்தார்.

"இதுவரைக்கும் ஒரு நேரத்துல ஒருத்தர் ஃபைல்தான் திறந்துச்சு சார். இப்ப ஒரே நேரத்துல ரெண்டு பேரோடது."

ஆளுக்கொரு ஹேண்டிலாக நானே பிரித்து வைத்தேன். ஒரு நன்றிகூட இல்லை.

நம் வீட்டிலும் இதே லட்சணம்தான். உங்களுக்கு எழுதுவதை உங்கள் அக்கா, அதான் என் அண்ணி, பிரித்துப் படித்து, பதிலும் அவரே எழுதுகிறார். எனக்கு உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வேண்டும். நீங்கள் போர்த்திய பழைய போர்வையையும் அனுப்புங்கள், துவைக்காமல்.

தபால் எடுக்கிற நேரம், முடிக்கிறேன்.

அண்ணி, இதையும் நீங்கள்தானே பிரித்தீர்கள்? அந்தப் போர்வையில் கை வைக்காதீர்கள்.