நீட்டிய கை

என் ராஜு அண்ணாவுக்கு,

நீ போய் ஆறு மாதமாகப் போகிறது. நான் நன்றாக இருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய் வந்தது எனக்கு. வேலூரில் நம் எல்லோரையும் சோதித்ததில் உன் எலும்பு மஜ்ஜை மட்டும்தான் எனக்குப் பொருந்தியது. என்னுடையதை மருந்தால் அழித்துவிட்டு, உன் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்ததை ரத்தம் ஏற்றுவதுபோல் எனக்கு ஏற்றினார்கள். ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல்கள் அதில் இருக்கின்றன, அவை தாமே வழி தேடிப்போய் எலும்புக்குள் குடியேறிவிடும் என்றார் டாக்டர். "திருப்பதில வாடகைக்கு வீடு தேடறதைவிட சுலபம்னு சொல்லுங்கோ" என்று சிரித்தாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

அம்மா கோயிலிலிருந்து தீர்த்தமும் துளசியும் கொண்டுவந்தாள். பெருமாள் தீர்த்தத்தை வேண்டாமென்று நம் வீட்டில் யாராவது சொன்னதுண்டா? என் தனியறையின் கண்ணாடிக் கதவருகிலேயே நீ மறித்தாய். "இவளுக்கு இப்போ எதிர்ப்பு சக்தியே கிடையாதும்மா. துளசியில ஒட்டிண்டிருக்கற கிருமியே போறும்." அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "அவ மடியா இருக்கா, நாமதான் விழுப்பு. தொடப்படாது" என்றாய். குளித்துச் சுத்தமாக இருப்பவரைக் குளிக்காதவர் தொடக்கூடாத அந்த மடி என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றாள்.

பிறகு என் தோலெல்லாம் சிவந்து தடித்தது. உன் வெள்ளணுக்கள் என் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகின்றன என்றார்கள். "உள்ள போயும் உன்னோட சண்டைதானாடி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீ அழுததைப் பார்த்தேன். மருந்தில் ஒருவழியாக அடங்கியது; மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது என்றார்கள். ஓ குரூப்பாக இருந்த என் ரத்தம் மெல்ல மெல்ல உன் பி குரூப்பாகவே மாறிவிட்டது.

அதனால்தான், சித்தூரில் லாரி மோதி நீ கிடந்தபோது அப்படி ஓடிவந்தேன். பி குரூப் ரத்தம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். கையை நீட்டினேன்.

"வத்தம்மா, வேண்டாம்மா. கேன்சர் வந்தவங்க ரத்தத்தை யாருக்கும் ஏத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

"இது என் ரத்தமில்லை டாக்டர், அவனோடதுதான்!" என்று கத்தினேன். அவர் மறுத்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். வேறு ரத்தம் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். அண்ணா, கேட்காமலே நீ எனக்குக் கொடுத்தாய். உனக்கு வேண்டிய நேரத்தில் உன்னுடையதையே உனக்குத் தர முடியாத ஒருத்தி எதற்காக உயிரோடு இருக்க வேண்டும்?

தாலி இழந்து நின்ற மன்னியின் முகத்தில் விழிக்கக் கூசி, உங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை. போன வாரம் அவளே வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கார்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்தால மாத்திரை போட்டுண்டியோ?" என்று கேட்டாள்.

போட்டிருக்கவில்லை. நீ போனதிலிருந்து அக்கறையில்லாமல் விட்டிருந்தேன். அவள் எதிரிலேயே எடுத்து விழுங்கினேன்.

இனி ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டேன், அண்ணா. வெட்கம் போகுமா என்று தெரியாது. மன்னி எப்போது வந்து பார்த்தாலும் இந்த நாடி துடித்துக்கொண்டிருக்கும்.

உன் ரத்தத்தில் நடமாடும் தங்கை,
வைதேகி