இடது சப்பாத்து

சிங்கப்பூர்
8-2-1987

அன்புத் தங்கச்சி முரியலுக்கு,

அண்ணன் காப்ரியல் எழுதுறேன். நான் சுகம். அப்பா, அம்மா, உன் சுகத்துக்கு உடனே எழுது. கப்பல் பட்டறை வேலை இடுப்பை ஒடிக்குது, ஆனா சோத்துக்குக் குறையில்லை.

கூட வேலை செய்யுற நம்ம சேது லீவுல வர்றான். அவன்கிட்ட ஒரு பொட்டலம் கொடுத்திருக்கேன். பிரிச்சதும், "என்னடி இது, துணி துவைக்கிற பலகைக்குச் சக்கரம் வெச்சிருக்கான்"னு அம்மா கேட்பாங்க பாரு. அதுக்குப் பேரு ஸ்கேட்போர்ட். எங்க அடுக்குமாடிக்குக் கீழே பையன்கள் அதுல நின்னுக்கிட்டே பலகையோட எகிறிக் குதிக்கிறானுங்க. கையால தொடுறதே இல்லை. அந்தக் குதிப்பை ஓலின்னு சொல்றானுங்க. பார்த்ததும் ஆசை வந்துடுச்சு. ரெண்டு வாங்கிட்டேன், எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.

நீ அங்க பழகு, நான் இங்க பழகுறேன். கிறிஸ்துமசுக்கு வந்துடுவேன். மாதா கோயில் சிமெண்டுப் பாதைக்குக் குறுக்கே மழைத்தண்ணி ஓடுற லோங்காங் இருக்கே, அதை ரெண்டு பேரும் ஒண்ணாத் தாண்டுறோம். சத்தியம்.

உன் அண்ணன்,
காப்ரியல்


புக்கிட் பெலிம்பிங்
1-3-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

முரியல் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மா நீ சொன்னதையேதான் கேட்டாங்க. அப்பா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கப்பல் பட்டறை வேணாம்னு சொன்னேன், கேட்டானா?"ன்னார். நீ போன நாளா அவருக்கு அந்த ஒரே பாட்டுதான்.

இதை எங்க ஓட்டுறது? தோட்டத்துல எல்லாம் செம்மண் ரோடு, சக்கரம் புதையுது. ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில மட்டும்தான் சிமெண்டுத் தரை. வேலையை மேய்க்கிற மண்டோர் சிவானந்தம் வீட்டுக்குப் போகட்டும்னு காத்திருந்து ஓட்டுறேன். பலகை வழுக்குச்சு. வாளியில மிஞ்சின ரப்பர் பாலைப் பூசி மேலே ஆத்து மணலைத் தூவினேன். இப்ப கால் கெட்டியா நிக்குது. எப்படி என் மூளை?

ஆனா குதிக்க வரல. பின்காலால பலகையோட வால் முனையை அடிச்சா அது நிமிர்ந்து என் முட்டியைத்தான் பதம் பார்க்குது. சொல்லிக் கொடு லா.

உன் தங்கச்சி,
முரியல்


சிங்கப்பூர்
22-3-1987

மூளைக்காரி முரியலுக்கு,

ரப்பர் பாலும் மணலுமா! இங்க உள்ள பையன்கள்கிட்ட சொன்னேன், வாயைப் பிளந்துட்டானுங்க.

இப்ப கவனமாப் படி. பின்காலால வாலைத் தரையில டக்குனு அடி. அதோட நின்னுடாதே. பலகை நிமிரும்போது இடது காலைப் பக்கவாட்டா மடக்கி, பலகை மேலேயே தேய்ச்சுக்கிட்டு முன்னால இழு. பலகை அந்தக் காலோடயே மேல வரும். உடனே ரெண்டு முட்டியையும் நெஞ்சுக்குத் தூக்கு. பயந்து ஒரு காலைக் கீழே வெச்சே, போச்சு. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னா ரெண்டும் கெட்டுடும். என் முழங்கையில உள்ள சிராய்ப்பு எல்லாம் அப்படி வந்ததுதான்.

சரியாப் பழகுறியான்னு உன் இடது கால் சப்பாத்து சொல்லும். சுண்டுவிரல் பக்கம் கிழிஞ்சிருந்தா நீ பாஸ். எனக்கு ரெண்டாவது ஜோடியும் போச்சு. வலது புதுசு மாதிரி இருக்கு, இடது மட்டும் எலி கடிச்ச மாதிரி.

அண்ணன்,
காப்ரியல்


புக்கிட் பெலிம்பிங்
14-6-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

கிழிஞ்சிடுச்சு! இடது சப்பாத்து, சுண்டுவிரல் பக்கம், நீ சொன்ன அதே இடத்துல! பள்ளிக்கூடச் சப்பாத்துங்கிறதால அம்மா விளக்குமாத்தோட வந்தாங்க. பழைய டியூப்பை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கேன். நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்புது அண்ணே. கொஞ்சம்தான், ஆனா எழும்புது.

மார்ச்சுக்கு அப்புறம் உன் கடுதாசியே இல்லை. கோபமா? பஸ் சத்தம் கேட்டாலே அம்மா வாசலுக்கு ஓடுறாங்க.

முரியல்


சிங்கப்பூர்
19-7-1987

அன்புத் தங்கச்சிக்கு,

கோபமெல்லாம் இல்லை. ஓவர்டைம், அதான் எழுத முடியல. நீ எழும்புறேன்னு எழுதினதை நாலு தடவை படிச்சேன். நானும் தினமும் குதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், நல்லா வருது. இப்ப வாங்கின சப்பாத்து நல்ல சப்பாத்து, இன்னும் புதுசாவே இருக்கு. கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல. அம்மாகிட்ட இப்பவே சொல்லி வை.

காப்ரியல்


புக்கிட் பெலிம்பிங்
20-9-1987

அண்ணனுக்கு,

யாருக்குக் காது குத்துறே? தினமும் ஓலி போடுறவனுக்கு இடது சப்பாத்து எப்படிப் புதுசா இருக்கும்? எனக்கு மூணாவது ஒட்டும் பிய்ஞ்சாச்சு. பலகையைத் தூக்கி மூலையில போட்டுட்ட, அதானே? சேது போன மாசம் வந்தான். உன்னைப் பத்திக் கேட்டா டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டான். அங்க யாரையாவது பார்த்துக்கிட்டியா? நாங்க வேணாமா?

ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எனக்குச் சொன்னியே, அது உனக்குத்தான் பொருத்தம். சத்தியம் பண்ணது நீ. வரலைன்னா இந்தப் பலகையை விறகாக்கிடுவேன்.

முரியல்


சிங்கப்பூர்
22-11-1987

என் கண்ணு முரியலுக்கு,

இந்தப் பொட்டலத்துல சப்பாத்து ஒண்ணுதான் இருக்கும். இடது. புதுசு.

மே மாசம் பட்டறையில இரும்புத் தகடு விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில இடது பாதத்தை எடுத்துட்டாங்க. இப்ப ஸ்டோர்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை. சேதுவை நான்தான் சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினேன், அவனைத் திட்டாதே. கடையில ஒத்தைச் சப்பாத்து விற்க மாட்டேங்குறான். வலதை நான் போட்டுக்கிறேன், இடது பெட்டியிலேயே கிடந்துச்சு. உனக்குப் பெருசா இருக்கும், முன்னால பேப்பர் திணிச்சுக்கோ.

வீட்ல சொல்லாதே. "சொன்னேன், கேட்டானா"ன்னு அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னால தாங்க முடியாது. கிறிஸ்துமசுக்கு வரல. நீ தாண்டு, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து.

அண்ணன்


புக்கிட் பெலிம்பிங்
27-12-1987

என் அண்ணனுக்கு,

செப்டம்பர்ல நான் எழுதினதை மன்னிச்சுடு. அந்தக் கடுதாசி உன்கிட்ட இருந்தா கிழிச்சுப் போடு.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிஞ்சு எல்லாரும் போனதும் தாண்டினேன். விழல. ரெண்டு காலும் பலகையிலதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் இறங்கினதும் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் லோங்காங் பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன்.

நானா யார்கிட்டயும் சொல்லல. வாசல்ல கழட்டிப் போட்ட சப்பாத்தை அம்மா பார்த்துட்டாங்க, ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. "இது யாருதுடி?"ன்னாங்க. எனக்குப் பொய் வரல அண்ணே, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா உள்ளே இருந்த பேப்பரை எடுத்துப் போட்டுட்டு, சப்பாத்துக்குள்ள கையை விட்டுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. சோறு ஆறிப் போச்சு.

நீ பயந்த அந்த வார்த்தையை அப்பா சொல்லல. "பையன் எப்படி நடக்கிறானாம்?"னு மட்டும் கேட்டார். அதை நீ எழுதவே இல்லையே.

உன் சப்பாத்தும் சுண்டுவிரல் பக்கம் கிழிய ஆரம்பிச்சிருச்சு. அடுத்த இடதைத் தபால்ல போடாதே. நீயே கொண்டு வா.

முரியல்