சோஃபாவுக்குப் போட்ட சட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று முதல் வரி எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீயாவது வேலைக்குப் போன ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். பதறாதே, உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை, எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் உன் அம்மா தூங்குவதில்லை. ராத்திரி முழுக்க வார்டில் நின்று நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வருகிறவள் பகலிலும் கண்ணை மூடுவதில்லை என்றால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இப்படியே போனால் வேலையில் ஏதாவது விபரீதமாகிவிடும், இல்லாவிட்டால் அவளே படுத்துவிடுவாள். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், இனி உன் ஒருத்தியால்தான் ஆகும் என்று தோன்றுகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டால் நாலு பேரும் ஒரே போனைச் சுற்றி நிற்கிறோம், எதைச் சொல்ல முடிகிறது? உன்னிடம் மூச்சுவிடக் கூடாது, அந்தப் பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து மனசு குழம்பும் என்று உன் அம்மா வேறு கட்டளை போட்டிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் உன் தம்பி பொத்தானும் தங்கை குண்டூசியும் நாள் முழுக்க வீட்டில். இரட்டையாகப் பிறந்ததுகள், ஒன்று நினைப்பதை இன்னொன்று செய்தே முடித்துவிடும், வாலில்லாத குறைதான். லீவு என்றால் எனக்கோ மூச்சுவிட நேரம் கிடையாது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்தாக வேண்டும். கீழே இறக்கிவிடலாம் என்றால் தெருவில் கிடங்குக்குப் போகிற லாரிகள். ஆக, கூடத்தில் ஒரு பக்கம் என் மெஷின், இன்னொரு பக்கம் சோஃபா, நடுவில் இருக்கிற இடம்தான் அவர்களுக்கு மைதானம். அந்தச் சோஃபாவும் லேசுப்பட்டதல்ல, வீடு மாறி வந்தபோது மாடிப்படியில் திருப்ப முடியாமல் ஒரு காலைக் கழற்றி ஏற்றினோமே, அன்றிலிருந்து அந்தக் கால் ஆடிக்கொண்டேயிருக்கிறது, யார் குதித்தாலும் அதுவும் சேர்ந்து தரையில் ஒரு போடு போடும். கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா தூங்க வேண்டும். என் மெஷின் எவ்வளவு கத்தினாலும் அவள் அசையமாட்டாள், கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் தூங்குகிறாள், மெஷின் நின்றால்தான் புரண்டு படுப்பாள். ஆனால் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால் கால் தரையில் இருக்கும். வார்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், யாரோ கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக அந்தக் காது அப்படிப் பழகிவிட்டது, அதற்கு வீடு எது வார்டு எது என்று தெரியாது. இவர்கள் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் கதவைத் திறந்துகொண்டு, முடி கலைந்து, நெஞ்சைப் பிடித்தபடி வந்து நிற்பாள். இரண்டும் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அவள் படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல் பழையபடி சட்டம் போட ஆரம்பித்தேன். முதலில் சோஃபாவில் நிற்கக் கூடாது என்றேன், முட்டி போட்டுக்கொண்டு குதித்தார்கள். குதிக்கவே கூடாது என்றேன், நாங்க குதிக்கலை, விழுந்துட்டோம் என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. துணி வெட்டுகிற காக்கித் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதைப் படிக்கிறோம் என்று சோஃபா மேலேயே ஏறி நின்றார்கள். சோஃபாவைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன், கட்டிங் மேஜைக்குப் போனார்கள், கத்தரிக்கோலும் ஊசியும் கிடக்கிற இடம், அதற்குச் சோஃபாவே தேவலை என்று திரும்ப இறக்கிப் போட்டேன். கீழ்வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரர் வேறு தினமும் மேலே வந்து, உங்க பிள்ளைங்க குதிச்சா என் மேஜையில இருக்கிற திருகாணி எல்லாம் எகிறி ஓடுது சார், ஒண்ணொண்ணாத் தேடிப் பொறுக்கறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகுது என்று புலம்பிவிட்டுப் போவார்.

கடைசியில் பொறுமை போய், இரண்டையும் உட்காரவைத்து ஒரு நாள் பேசினேன். அந்தப் பேச்சைத்தான் இப்போது நினைத்து நினைத்து வேகிறேன். நீங்க சத்தம் போட்டா அம்மா தூங்க முடியாது, தூங்கலைன்னா அம்மா வேலையில தப்பு பண்ணிடுவாங்க, தப்பு பண்ணினா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, அப்புறம் நம்ம கதி என்ன என்று கேட்டேன். கண் கொட்டாமல் கேட்டன. அது போதாதென்று என் மூளை இன்னொரு வேலை செய்தது. வீட்டில் சேர்ந்து கிடந்த வெட்டுத்துணியை எல்லாம் பெரிய பெரிய பைகளில் திணித்துத் தைத்து, சோஃபாவின் காலுக்கடியிலும் சுற்றியுள்ள தரையிலும் பரப்பினேன். இனிமே குதிக்கலாம், ஆனா சத்தம் மட்டும் வரக் கூடாது, அதுதான் சட்டம் என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மெத்தையில் விழுவதுபோல் விழுந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. உன் அம்மா சாயங்காலம் வரை அசையாமல் தூங்கி எழுந்து, என்னங்க, இன்னிக்கு வீட்டுல யாருமே இல்லையா என்று கேட்டாள். முகமே தெளிந்திருந்தது. கடிகாரக்காரர் மாடிப்படியில் பார்த்துச் சிரித்தார். வீடு ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், நான் மெஷினில் குனிந்து அரைக்கால் சட்டைகளாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். சோஃபா என் முதுகுக்குப் பின்னால். நூல் தீர்ந்து, வேறு எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். பொத்தான் சோஃபாவின் கைப்பிடியிலிருந்து தாவியிருக்கிறான், பை நகர்ந்திருக்கிறது, சோஃபாவுக்கும் கட்டிங் மேஜைக்கும் நடுவில் கை மடங்க விழுந்து கிடந்தான். முழங்கைக்குக் கீழே கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. அழவில்லை, அம்மாடி. வாய் நிறைய வெட்டுத்துணியைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். குண்டூசி பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, உன் அம்மாவின் அறைக் கதவைக் காட்டினாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் தைத்துப் போட்டிருந்த குவியலைப் பார்த்தால் கொஞ்ச நேரம் இல்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பெற்ற அப்பன் உட்கார்ந்து ஊர்ப்பிள்ளைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் போட்ட கூச்சலில்தான் உன் அம்மா எழுந்தாள். அவள் கத்தவில்லை. துணி அளக்கிற மர ஸ்கேலை எடுத்து அவன் கைக்கு முட்டுக் கொடுத்து, நான் கிழித்துக் கொடுத்த துணியால் சுற்றிக் கட்டினாள், அப்புறம் அவன் வாயில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எடுத்து முடித்ததும், இப்ப அழுடா கண்ணு, அம்மா முழிச்சுட்டேன் என்றாள். அப்போதும் அவன் அழவில்லை. எலும்பு முறிவுதான், மாவுக்கட்டுப் போட்டார்கள், இப்போது பிரித்தும் ஆகிவிட்டது, நன்றாகக் கூடிவிட்டது, பழையபடி மடக்குகிறான் நீட்டுகிறான், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வீடியோவில் பேசும்போது அவன் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருந்தானே, நீ கேட்டதற்குப் போனில் ஏதோ கோளாறு என்று சொன்னேனே, அந்தக் கட்டு உன் கண்ணில் படக் கூடாது என்றுதான். கோபித்துக்கொள்ளாதே.

கை கூடிவிட்டது, வீடுதான் கூடவில்லை. உன் அம்மா வேலை முடிந்து வந்து படுக்கிறாள், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு படுக்கிறாள், கண் மூடுவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து வந்து இரண்டையும் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுப் போகிறாள். தூங்கும்மா, நான் பார்த்துக்கறேன் என்று கெஞ்சினால், முன்னெல்லாம் பொத்துனு சத்தம் கேக்கும், வந்து பார்ப்பேன், ரெண்டும் நின்னு சிரிக்கும், போய்த் தூங்கிடுவேன், இப்ப சத்தமே இல்லைங்க, நான் எதை நம்பித் தூங்கறது என்கிறாள். நீங்க பார்த்துக்கிட்டீங்களே என்று அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். தூக்க மாத்திரை போட்டுக்கோயேன் என்றேன், போட்டுட்டுத் தூங்கினா அதுங்க விழுந்தாக்கூட எனக்குத் தெரியாதே என்றாள். போன வாரம் வார்டில் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த மனுஷன், சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரே, எனக்கு எதுக்கு ஊசி என்று கேட்டதால் கை நின்றது. ஒரு கெடுதலும் நடக்கவில்லை, மேலே இருப்பவர்கள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் உன் அம்மா வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள். நான் போய்த்தான் குழாயை மூடினேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா யாரும் சொல்ல வேண்டாம், நானே யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துடுவேன் என்றாள். அந்த வேலை இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைவிட, அடுத்த தடவை அந்தக் கட்டிலில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

இரண்டும் வீட்டில் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அடிமேல் அடி வைத்து நடக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்கள்போல சோஃபாவின் நுனியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்கள். பைகளை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டேன், சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன், மெஷினையும் திருப்பிப் போட்டாகிவிட்டது, இப்போது சோஃபா என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. குதிங்கடா, கத்துங்கடா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன் என்று கெஞ்சுகிறேன். நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். பொத்தான் தனியாக வந்து, நான் அழுதா அம்மா வேலை போயிடுமாப்பா என்று கேட்கிறான். போகாதுடா என்றால், நீங்கதானே சொன்னீங்க என்கிறான். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் நானே சோஃபா மேல் ஏறி நின்று தொம் தொம் என்று குதித்தேன், இந்த முட்டிவலியோடு. சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்கள், சிரிக்கவில்லை, உன் அம்மா கட்டிலிலிருந்தே குதிப்பது நான் என்று பார்த்துவிட்டு எழுந்து வரவில்லை, குண்டூசி ஓடிப்போய் அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மூச்சிரைக்க மேலே வந்தது கடிகாரக்காரர்தான், வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, சார், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். அப்புறம், மத்தியானத்துல நான் கைக்கடிகாரத்தை எல்லாம் மூடி வெச்சுட்டு சுவர்க் கடிகாரமாப் பார்த்துக்கறேன், அதுங்க குதிக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குதிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். இந்த வீட்டில் அதுகளுக்கு ஒரு சட்டமும் போடாதவள் நீ ஒருத்திதான், அக்கா இருக்கறப்ப அப்பா சட்டம் செல்லாது என்று சொல்லிக்கொடுத்து, கூடவே ஏறிக் குதித்தவளும் நீதான், அதற்காக உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன். நான் சொன்னால் சோதனை என்கிறார்கள், அம்மா சொன்னால் நமக்காகச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்கள், நீ சொன்னால் நம்புவார்கள். மத்தியானம் உன் அம்மா படுக்கப் போன பிறகு கூப்பிடு, போனை நான் சோஃபாவுக்கு எதிரே நிறுத்தி வைக்கிறேன். ஏறி நிற்கச் சொல்லு, குதிக்கச் சொல்லு, தொண்டை கிழியக் கத்தச் சொல்லு. மாட்டோம் என்பார்கள், விடாதே. வேண்டுமானால் நீயும் அங்கே உன் கட்டிலில் ஏறிக் குதி, கூடத் தங்கியிருக்கிற பெண்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். கைப்பிடியில் மட்டும் ஏற வேண்டாம், நடுவில் நின்று குதிக்கட்டும், பார், இதிலும் ஒரு சட்டம், என் வாயைத் தைத்தால்தான் சரிப்படும். இது பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் உன் அம்மா பழையபடி எழுந்து ஓடிவருவாள். வரட்டும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் கொஞ்ச நேரமாவது கண்ணயர்வாள், அரைகுறையாகவாவது தூங்கட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, கண்ணு.

இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்து நிற்காதே, அப்புறம் உன் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றாயே, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டிருக்காதே, மாற்றிக்கொள். எது வலித்தாலும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லு, தனியாக இருக்கிற இடத்தில் அது முக்கியம். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. எழுதி முடித்ததும் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவதாகக் கடிகாரக்காரர் சொல்லியிருக்கிறார், ஆகவே இன்றைக்கே உனக்குக் கிடைத்துவிடும், நாளை நாளை என்று தள்ளிப்போடாதே. இன்று காலையில் குண்டூசி ஜன்னல் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள், நகம் கறுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண் நிறையத் தண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா