எழுத்து ஒட்டாத பக்கம்

பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் முதலில் மைலோ வாசம் வந்தது. பிறகு பசை. அதற்கும் பிறகு, சின்னப் பிள்ளைகளின் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய். உன் தம்பி பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீடு வரை வந்து கொடுத்துவிட்டுப் போனான். "அக்கா உங்களுக்குனு எடுத்து வச்சிருந்தாங்க" என்றான். அட்டையில் உன் கையெழுத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. வேறு ஒரு வரியும் இல்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

நீ பாடம் நடத்திய முதலாம் ஆண்டு வகுப்பின் படப்புத்தகம். ஒரே இடத்தில் நின்று அலுத்துப்போன வீடு ஒன்று எழுந்து, கூரையில் ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகும் கதை. ஆங்கில வரிகளின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி நீயே தமிழில் எழுதியிருந்தாய். ஒரே ஒரு பக்கத்தில் தாளை மட்டும் ஒட்டிவிட்டு, எழுதாமல் விட்டிருந்தாய். ஆற்றின் நடுவில் வீடு நிற்கும் பக்கம். கதவு சாத்தியிருக்கும், ஒரு சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் புத்தகத்தை நீ நடத்துவதைப் பார்க்கத்தான் கிள்ளானுக்கு வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார் என் பத்திரிகை ஆசிரியர். வகுப்பின் பின்னால், முழங்கால் மோவாயில் இடிக்கும் நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுக்குள்ள யாரு இருக்கா?" என்று அந்த எழுதாத பக்கத்தைக் காட்டிக் கேட்டாய்.

"பூனை, டீச்சர்!"

"எங்க மாமா, டீச்சர்! அவரு குளிக்கவே மாட்டாரு. வீடுதான் தூக்கிட்டுப் போவுது!"

வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்போது சன்னலோரம் இருந்த பிள்ளை எழுந்து நின்றாள். பள்ளி திறந்ததிலிருந்து வாய் திறக்காதவள். அவள் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

"நான்தான் டீச்சர் உள்ள இருக்கேன். கட்டிலுக்கு அடியில. அப்பா லோரி சத்தம் கேட்டா வெளிய வர மாட்டேன்."

பிறகு இன்னும் ஒரு வரி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

உன் முகம் மாறவில்லை. "சரி மா, உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாய். மணி அடித்ததும் கேண்டீனில் என் கையைப் பிடித்தாய். பிடி வலித்தது.

"அந்தப் பிள்ள சொன்னத மட்டும் எழுதாத டி. சனிக்கிழம அவ அம்மாவ தனியா பாக்கப் போறேன். திங்கக்கிழம நலத்துறை அதிகாரிகிட்ட பேசுறேன். அதுவரைக்கும் அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது."

"ஞாயிறுதான் வரும். பேர் போட மாட்டேன், ஸ்கூல் பேரும் போட மாட்டேன். எனக்குத் தெரியாதா டி?"

"எழுதாத" என்றாய் மறுபடியும்.

எழுதினேன். அவள் சொன்னது இல்லாமல் கட்டுரைக்கு உயிர் இல்லை என்று தோன்றியது. பெயர் இல்லை, பள்ளி இல்லை. கிள்ளான், கட்டில், லோரி மூன்றும் இருந்தன. விளம்பரம் ஒன்று கூடியதால் பக்கத்தை மாற்றி, வெள்ளிக்கிழமையே போட்டார்கள். நான் உனக்குப் போன்செய்து சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாய் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

ரோட்டோர ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம் யாரோ வாசித்துக்காட்டிக் கிண்டல் செய்தார்களாம். சனிக்கிழமை நீ போனபோது அவர்கள் பிளாட்டில் பூட்டுத் தொங்கியது. வாசலில் அவளுடைய பள்ளிச் சப்பாத்து ஒன்று கிடந்தது. ஒற்றைக் கால் சப்பாத்து.

அதன்பிறகு நமக்குச் சனிக்கிழமை என்றால் அவளைத் தேடுவதுதான் வேலை. போலீஸில் சொன்னாய், நலத்துறையில் சொன்னாய். "குடும்பத்தோட வீடு மாறிப் போறது குத்தமில்லையே டீச்சர்" என்றார்களாம். மேரு, காப்பார், சுங்கை வே என்று லோரிக்காரர்கள் குடியிருக்கும் இடமெல்லாம் அலைந்தோம். புத்தகம் எப்போதும் உன் பையில் இருக்கும். சுங்கை வேயில் ஒரு பிளாட்டின் காவலாளி நம்மை மறித்தது நினைவிருக்கிறதா?

"யார தேடுறீங்க அக்கா? நீங்க வட்டிக்காரங்களா?"

"நான் டீச்சர், அண்ணே. இவ ரிப்போர்ட்டர். பாத்துப் பேசுங்க, அப்படியே எழுதிடுவா!"

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் வைத்து, அந்த ஒரு தடவை மட்டும் கேட்டாய்: "எல்லாத்தயும் எழுதின. அவ கடைசியா சொன்னத ஏன் டி விட்ட?"

"இடம் பத்தல" என்றேன்.

பொய். இடம் இருந்தது. லோரிச் சத்தத்தோடு முடிந்தால் வாசிப்பவர் நெஞ்சில் நிற்கும் என்று நான்தான் அந்த வரியை வெட்டினேன். அவள் கடைசியாகச் சொன்னது இது: "டீச்சர் வந்தா வெளிய வருவேன்."

உனக்கு அது தெரியும். அதனால்தான் டயாலிசிஸ் முடிந்த மறுநாளும் படியேறினாய். வீங்கிய காலோடு ஒவ்வொரு கதவாகத் தட்டி, "டீச்சர் வந்திருக்கேன் மா" என்று உன் குரலிலேயே சொன்னாய். நான் பின்னால் நின்றேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மேருவில் ஒரு பிளாட்டுக்குத் தனியாகப் போனேன். லோரி ஓட்டுகிறவர், பதின்மூன்று வயதில் ஒரு பெண், பள்ளிக்குப் போவதில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாடி. கம்பிக் கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி சிலிப்பர். தட்டினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி சட்டென்று நின்றது. முப்பது ஆண்டு இந்தத் தொழிலில் ஒரு நாளும் என்னை வேறொருவர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அன்று கம்பியில் வாயை வைத்துச் சொன்னேன்: "டீச்சர் வந்திருக்கேன் மா."

யாரும் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அது வங்காளதேசிங்க வீடு லா ஆன்டி. உங்கள இமிகிரேசன்னு நெனச்சுப் பயந்து கெடக்குறாங்க. கூப்பிடாதீங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போவதில்லை. உன் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகிறேன். அந்தப் பிள்ளை உன் குரலுக்குத்தான் வருவேன் என்றாள். அந்தக் குரல் இப்போது எங்கும் இல்லை. என் குரலை அவள் கேட்டதே இல்லை. வகுப்பின் பின்னால் உட்கார்ந்து எழுதியவளாகத்தான் என்னைத் தெரியும். ஆகவே பேசுவதை விட்டுவிட்டேன். கதவைத் தட்டிவிட்டு, அவளை எழுந்து பேசவைத்த, எழுத்து ஒட்டாத அந்தப் பக்கத்தைத் திறந்து, கம்பிக்கு எதிரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காப்பார்.